களப்பணி நாளும் மேற்பார்வை மணியும்: கொங்கு நாட்டில் சமூகப்பணி பழகும் முறை

காலை எட்டு மணிக்கு முன்பே கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையும் தோளில் பையுமாக நிற்கிற இளைஞர்களில் சிலர், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கல்லூரிக்குப் போவதில்லை. ஒருத்தி ஆனைகட்டி பேருந்துக்காக நிற்பாள். அங்கே இருளர் குடியிருப்பு ஒன்றில் அவளுக்கு வேலை. இன்னொருவன் அரசு மருத்துவமனைக்கு, மற்றொருவன் நகருக்கு வெளியே இருக்கும் நூற்பாலையின் மனிதவளப் பிரிவுக்கு. வீட்டில் கேட்டபோது "இன்னைக்கு ஃபீல்டு" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலைப் படிப்பின் களப்பணி நாள் அது. அந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதே வெளியில் பலருக்குத் தெரியாது என்பதால், பெண் பார்க்க வந்த இடத்தில் "சோசியல் சர்வீஸா? நல்லதுங்க, சம்பளத்துக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

நான் இரண்டு ஆண்டு மாணவனாகவும், பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் தரப்பில் மாணவர்களுக்கு மேற்பார்வையாளனாகச் சில ஆண்டுகளும் இந்த ஏற்பாட்டின் இரு கரைகளிலும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெளிந்தது இதுதான்: களத்துக்குப் போய்வருவதால் மட்டும் ஒருவருக்குத் தொழில் கைவந்துவிடுவதில்லை. போய்வந்ததைப் பற்றி, விவரம் தெரிந்த ஒருவர் அவரை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது வருகிறது. கொங்கு நாட்டில் களத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பஞ்சம்.

இந்தப் படிப்பின் வரலாற்றில் களம் முன்னும் வகுப்பறை பின்னுமாகத்தான் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏழைகளின் வீடு தேடிப்போய் உதவிய அறநிலையங்கள், புதிதாக வந்தவர்களைப் பழையவர்களோடு சேர்த்து அனுப்பியே வேலை பழக்கின. இதற்கென்று முறையான பள்ளி வேண்டும் என்று அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் 1897இல் வலியுறுத்தினார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சி தொடங்கியது. நம் நாட்டிலும் அதே கதைதான். கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்க மதப்பணியாளர் பம்பாயின் நாக்பாடா பகுதியில் மில் தொழிலாளர் குடும்பங்களிடையே நல இல்லம் ஒன்றை நடத்திவந்தார். அந்த அனுபவத்தின் மேல்தான் 1936இல் சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரில் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. 1944இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் சமூகப்பணிப் பள்ளி 1952இல் வந்தது.

களப்பணி என்பது மாணவர் கற்றுக்கொள்வதற்கான இடம் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. இன்று எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதியிருக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண், 1996இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமே களத்தில் இறங்கி நடத்திய களச்செயல் திட்டமாக மும்பையில் பிறந்ததுதான். நன்றாக நடக்கும் களப்பணி, ஊருக்கு இல்லாத சேவை ஒன்றை உண்டாக்கிவிடவும் செய்யும்.

கோவையில் பூ. சா. கோ. கலை அறிவியல் கல்லூரியும் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இத்துறைக்குப் பழகிய பெயர்கள். 1982இல் பாரதியார் பல்கலைக்கழகமும் 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் வந்தபின், அவற்றோடு இணைந்த கல்லூரிகள் பலவற்றில் இந்தப் படிப்பு பரவியது. ஏற்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பருவத்தில் சில வாரம் முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, போதை மீட்பு மையம், சிறார் இல்லம் என்று கூட்டமாகப் போய்ப் பார்த்துவருவார்கள். அதன்பின் ஒவ்வொருவரையும் ஒரு நிறுவனத்தில் சேர்த்துவிடுவார்கள். மாணவர் பேச்சில் அது 'ஏஜென்சி'. வாரம் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள் வகுப்பில். இடையில் ஒரு வாரம், பத்து நாள் கிராம முகாம். இரண்டாம் ஆண்டில் மருத்துவம் மற்றும் மனநலம், சமுதாய மேம்பாடு, மனிதவளம் என்று அவரவர் எடுத்த சிறப்புப் பாடத்துக்கு ஏற்ற இடம். படிப்பின் கடைசியில் ஒரு மாத அளவுக்குத் தொடர்ச்சியாக ஓர் இடத்தில் முழுநேரப் பயிற்சி. அதை 'பிளாக்' என்பார்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் மேற்பார்வையாளர் இருவர். நிறுவனத்தில் ஒருவர் அன்றாட வேலையைக் காட்டித்தருவார். கல்லூரியில் ஓர் ஆசிரியர் வாரம் ஒரு முறை தனியாக உட்கார்ந்து அந்த வார வேலையை அலசுவார். இந்தத் தனிக் கலந்தாய்வை மாணவர்கள் 'ஐ.சி.' என்றே சொல்வார்கள். பலர் சேர்ந்து பேசுவது 'ஜி.சி.'. மேற்பார்வைக்கு நிர்வாகம், கல்வி, ஆதரவு என்று மூன்று வேலை உண்டு என்று அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் வகுத்தது இன்றும் எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகிறது. நேரத்துக்கு வந்தாரா, அறிக்கை கொடுத்தாரா என்று பார்ப்பது முதல் வேலை. செய்தது சரியா, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று யோசிக்கவைப்பது இரண்டாவது. முதன்முறையாக ஒரு சாவையோ, அடிவாங்கிய குழந்தையையோ பார்த்துவிட்டு வந்தவரைத் தாங்கிப்பிடிப்பது மூன்றாவது. நடைமுறையில் முதல் வேலை மட்டுமே தவறாமல் நடக்கிறது, ஏனென்றால் அதற்குப் பதிவேடு இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர்கள் கையெழுத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

இரண்டாவது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். காசநோய்ச் சிகிச்சையை இடையில் நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைச் சந்திக்க மாணவி ஒருத்தி அனுப்பப்பட்டாள். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக அது மாறும் அபாயம் உண்டு. சத்தான உணவுக்கென்று அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. இவ்வளவும் அறிந்த மாணவி வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து அறிக்கையில் இப்படி எழுதியிருந்தாள்: "மருந்தின் முக்கியத்துவம் பற்றி விழிப்புணர்வு அளிக்கப்பட்டது. பயனாளி ஒத்துழைப்புத் தரவில்லை."

அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் ஓரமாக அவளுடைய ஆசிரியர் பென்சிலால் எழுதியது நான்கே கேள்விகள். எங்கே உட்கார்ந்து பேசினீர்கள்? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்? முதலில் பேச ஆரம்பித்தது யார்? அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே என்ன? ஐ.சி.யில் இவற்றுக்குப் பதில் சொல்லும்போதுதான், திண்ணையில் பேசியதும், மாமியார் வாசற்படியிலேயே நின்றதும், அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் தானே பேசியதும் மாணவிக்கு உறைத்தது. அடுத்த வாரம் ஆலை ஷிஃப்ட் முடிந்து அந்தப் பெண் பேருந்துக்கு நடக்கும் வழியில் கூடவே நடந்தாள். "வண்டில வந்து வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடறாங்கம்மிணி. பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் என்னன்னு கேக்கறாங்க. புள்ளைக்குப் பாக்கறாங்க இப்ப" என்று வந்தது பதில். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வீட்டு வாசலில் சுகாதாரப் பணியாளரின் வண்டி நிற்பதுதான் சிக்கல். மருந்தின் முக்கியத்துவம் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும். மாத்திரையை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ள ஒரு தொலைபேசி அழைப்பில் ஏற்பாடு ஆயிற்று. பென்சில் கேள்விகள் எழுதப்படாமல் "பார்த்தேன்" என்ற கையெழுத்து மட்டும் விழுந்திருந்தால், ஒத்துழைக்காத பயனாளிகள் பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கும். மாணவி அதே பழக்கத்தோடு வேலைக்கும் போயிருப்பாள்.

கொங்கு நாட்டுக்கே உரிய களம் என்றால் அது ஆலைதான். 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் கோவையில் முதல் நூற்பாலையை வைத்ததிலிருந்து, பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியதும், திருப்பூர் பனியன் கம்பெனிகளும் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளும் வளர்ந்ததும் அனைவரும் அறிந்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250ஆகக் குறைத்தது. அந்தப் பதவிக்குச் சமூகப்பணிப் பட்டம் தகுதியாக ஏற்கப்பட்டதால், கோவைப் பகுதிப் பையன்கள் இந்தப் படிப்புக்கு வந்ததில் பெரும்பங்கு சேவை மனப்பான்மையால் வந்தது அன்று. ஆலை வேலை கிடைக்கும் என்பதால் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் களப்பணிக்கு இது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

மருத்துவமனையில் மாணவரின் கடமை யாருக்கு என்று சந்தேகம் எழுவது அரிது. ஆலையில் அது முதல் நாளே எழுகிறது. நல அலுவலர் சட்டப்படி தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் நிற்பவர். சம்பளம் வாங்குவதோ நிர்வாகத்திடம். அவருக்குக் கீழே பயிற்சிக்கு நிற்கும் மாணவருக்கு மேற்பார்வையாளரும் அவரே, நாளை வேலை தரக்கூடியவரும் அவரே. குழந்தைகள் காப்பகத்தில் தொட்டில் இருக்கிறது, குழந்தை ஒன்றுகூட இல்லை என்று ஒரு மாணவர் கவனித்தால் அதை அறிக்கையில் எழுதுவாரா? எழுதினால் அந்த அறிக்கை முதலில் மனிதவள மேலாளரின் மேசைக்குத்தான் போகும். திருமணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கிய, சுமங்கலித் திட்டம் என்று பெயர்பெற்ற முறை இந்தப் பகுதி நூற்பாலைகளில் வேரூன்றியிருந்த காலத்திலும் மனிதவளப் பிரிவுகளில் பயிற்சி மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்ததில் எவ்வளவு எழுதப்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் சொந்தக் கதையும் இந்த வகைதான். மாணவனாக இருந்தபோது ஓர் ஆலையில் என்னை விட்டார்கள், பெயர் வேண்டாம். ஐந்து வாரம் நான் செய்தது, பழைய வருகை அட்டைகளைக் கணினியில் ஏற்றியதும், இ.எஸ்.ஐ. படிவங்களில் தந்தை பெயரைச் சரிபார்த்ததும்தான். தொழிலாளி ஒருவரோடு முழுதாகப் பத்து நிமிடம் பேசியதில்லை. பேசியதெல்லாம் கேண்டீன் வரிசையில். பருவ முடிவில் வந்த மதிப்பீட்டுத் தாளில் 'தொழிலாளருடன் உறவு' என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று போட்டிருந்தார்கள். கல்லூரியில் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள். எனக்கும் மதிப்பெண் வந்ததால் நானும் வாய் திறக்கவில்லை. மூன்று தரப்பும் திருப்தியடைந்த ஒரு பயிற்சியில் நான் எதையும் கற்கவில்லை என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்தான் உணர்ந்தேன்.

திருப்பூரில் இப்போது இன்னொரு சிக்கல், மொழி. பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். தமிழ் மட்டும் அறிந்த மாணவி ஓர் ஒடியாப் பெண்ணிடம் பேச வேண்டுமென்றால் லைன் சூப்பர்வைசர்தான் மொழிபெயர்ப்பாளர். "ஓவர்டைம் பார்க்க உங்களுக்கு விருப்பமா?" என்ற கேள்வியும், அதற்கு வந்த நீளமான பதிலும் அவர் வாய் வழியாக "விருப்பமாம்" என்ற ஒற்றைச் சொல்லாக வந்து சேரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வருபவருக்கும், பதில் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று ஐ.சி.யில் கேட்கப்படுபவருக்கும் உள்ள தூரம் பெரிது. கேள்வி கேட்கப்பட்ட மாணவி அடுத்த வாரம் காம்பவுண்டு வீடுகளுக்குப் போய், அங்கே ஐந்து வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கும் ஒடியாக்காரரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் யாரும் சொல்லித்தராத யோசனை அது.

விசைத்தறிப் பகுதியில் வேறு மாதிரி. தறிக்காரர் முன்பணம் வாங்கி ஒரு முதலாளியிடம் சேர்ந்திருப்பார். கடன் தீரும்வரை வேறு தறிக்குடோனுக்கு மாற முடியாது. அவர் குடிப்பதைப் பார்த்து மாணவர் குடிநோய் ஆலோசனை தொடங்குவார், அல்லது சேமிப்புப் பழக்கம் பற்றிப் பேசுவார். பாடத்திட்டத்தில் தனிநபர் சமூகப்பணி முதலில் வருவதால், எல்லாத் துன்பத்தையும் தனிநபரின் துன்பமாகப் பார்க்கும் பழக்கம் முதலாண்டு மாணவருக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. "அவர் கடன் எவ்வளவு, யாரிடம், என்ன கணக்கு, கணக்கு நோட்டு யார் கையில்?" என்று கேட்க ஒருவர் இருந்தால், பேச்சு 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரை போகும். அந்தச் சட்டத்தை வகுப்பில் படித்தவர்தான் அந்த மாணவரும். படித்ததும் பார்த்ததும் ஒன்றென்று சேர்த்துக்காட்ட ஆள் இல்லாததால் அவை இரண்டும் தனித்தனியே கிடக்கின்றன.

மேற்பார்வை இல்லாவிட்டால் கல்வி குறையும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. சட்டச் சிக்கலும் வரும். பள்ளியில் குழுப்பணி செய்யும் மாணவியிடம் ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டு, "அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? பயனாளி சொன்னதை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றுதான் வகுப்பில் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது; தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 'எவரும்' என்ற சொல்லில் இருபத்தொரு வயது மாணவியும் அடங்குகிறாள். அதே நேரத்தில் அந்தச் சிறுமி யாரென்று அறிக்கையிலோ, ஜி.சி.யில் பத்துப் பேர் நடுவிலோ வெளிப்படுத்திவிடவும் கூடாது. இரகசியம் காப்பதாக முன்கூட்டியே முழு வாக்குக் கொடுக்கக் கூடாது, "உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த நாள் வருவதற்கு முன்பே சொல்லித்தரப்பட வேண்டியவை. அன்று மாலை ஐந்து மணிக்கு அவள் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்க ஒருவர் இருக்க வேண்டும்.

மாணவர்களின் சொந்தப் பாதுகாப்பும் இதில் சேர்ந்ததே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'பணியாளர்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் பயிற்சி பெறுபவரும் வருகிறார். களப்பணிக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு அந்த நிறுவனத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைவர் யாரென்று முதல் நாளில் சொல்லப்படுகிறது என்பதைக் கல்லூரிகள் கேட்டுப்பார்க்கலாம்.

கிராம முகாம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். முகாமுக்கு ஊர் பிடிப்பவர்கள் முதலில் பார்ப்பது தங்குமிடம். பள்ளிக்கூடம் கிடைக்கும், இல்லையென்றால் மாரியம்மன் கோயிலை ஒட்டிய மண்டபம். ஊர்ப் பெரியவர்கள் அன்போடு வரவேற்பார்கள். முதல் நாள் காலைச் சாப்பாடே அவர்கள் தோட்டத்தில்தான். அந்த உபசரிப்பின் நடுவிலேயே, "உங்களுக்கு எந்த ஊருங்க? நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும் வந்துவிடும். கொங்குக் கிராமங்களை அறிந்த எவருக்கும் இது எதற்கான கேள்வி என்று தெரியும். பதிலைப் பொறுத்து ஒரு மாணவர் திண்ணையில் உட்காருவார், இன்னொருவர் வாசலில் நிற்பார். பிறகு அருந்ததியர் காலனிக்குப் போய்க் கணக்கெடுக்கும்போது, அங்குள்ளவர்கள் முகாம் நடக்கும் மண்டபத்துக்கு வரத் தயங்குவதை "மக்கள் பங்கேற்பு குறைவு" என்று அறிக்கையில் எழுதுவார்கள். பங்கேற்பு குறைந்ததற்கு இடம் காரணமா, நேரம் காரணமா, அழைத்தவர் காரணமா என்று முகாமின் முதல் இரவே உட்கார்ந்து பேசும் ஆசிரியர் உடன் வந்திருந்தால், மறுநாள் மருத்துவ முகாமைக் காலனியின் சமுதாயக் கூடத்துக்கு மாற்றிவிட முடியும். தாசில்தாரைக் கூப்பிட்டுக் கடைசி நாள் விழா நடத்துவதில் காட்டும் அக்கறையில் கால்பங்கு இதற்குப் போதும். அந்தக் கேள்வியால் புண்பட்ட மாணவர் ஒருவர் அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் உட்கார்ந்து பேசுவதுதான் மேலே சொன்ன மூன்றாவது வேலை.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் மொத்தம் ஆறு பேர் வேலை செய்வார்கள். நிதி தருபவர்களுக்குக் காலாண்டு அறிக்கை, கூட்டங்கள், தணிக்கை என்று அவர்களுக்கே மூச்சுவிட நேரமில்லை. ஜூலை மாதம் மூன்று கல்லூரிகளிலிருந்து எட்டு மாணவர்கள் கடிதத்தோடு வந்து நிற்பார்கள். மேற்பார்வை செய்வதற்குக் கல்லூரி பணம் தருவதில்லை. அந்த நேரத்தை நிதி தருபவர்களும் வேலையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் மேற்பார்வையாளனாக இருந்த நாட்களில் புதன்கிழமை மாலை நாலரைக்கு மேல் தேநீரும் கையுமாக உட்கார்ந்து பேசியதெல்லாம் என் சொந்த நேரத்தில்தான். ஒரு மாணவர் உருப்படியாகப் பயன்படத் தொடங்க இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும். அதனால்தான் பல நிறுவனங்கள் எளிய வழியைப் பிடிக்கின்றன: ஒரு சர்வே படிவத்தைக் கையில் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகின்றன.

அதன் விலையைக் கொடுப்பது அந்தத் தெரு. கோவையில் கல்லூரிகளுக்குப் பக்கத்தில், பேருந்து வசதியோடு இருக்கும் குடிசைப் பகுதிகள் சிலவற்றில் ஒவ்வோர் ஆண்டும் அதே கதவுகள் தட்டப்படுகின்றன. ஒரு முறை மாணவி ஒருத்தியோடு போனபோது, வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிராமலேயே சொன்னார்: "வா கண்ணு, உக்காரு. போன வருஷம் ஒரு புள்ள வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் ஒரு பையன். எத்தன பேரு, என்ன வருமானம், கக்கூஸ் இருக்குதான்னு எல்லாம் எழுதிட்டுப் போனாங்க. ஒண்ணும் ஆகலீங்க சாமி. நீயும் எழுதிக்க." அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. மாணவி கையிலிருந்த படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வெங்காயக் கூடையின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவளாகவே செய்தது அது, நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த மேலே ஓர் அமைப்பு இருக்கிறதா என்றால், வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோலச் சமூகப்பணிக்கு என்று நாடு தழுவிய சட்டபூர்வ மன்றம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 1965இலும் 1980இலும் இந்தக் கல்வியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2001இல் மாதிரிப் பாடத்திட்டமும் வெளியிட்டது. பின்பற்றுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்வி மன்றம் முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2008இல் களக் கல்வியை இத்துறையின் அடையாளப் பயிற்றுமுறை, அதாவது இந்தத் தொழிலுக்கு ஆளைத் தயார்செய்யும் தனித்த வழி என்றே அறிவித்தது. நம் மாணவர்கள் வாரம் இரண்டு நாள், அதற்குமேல் முகாம், பிளாக் என்று கூட்டிப்பார்த்தால் மணிக்கணக்கில் மிகவும் பின்தங்கியவர்கள் அல்லர். மணிக்கணக்கை மட்டும் எண்ணுவதுதான் நம் பழக்கம்.

மனநலத் துறையில் மட்டும் நிலை சற்று இறுக்கமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப்பணியாளர் என்று யாரைச் சொல்லலாம் என வரையறுக்கும்போது, சமூகப்பணி முதுகலைக்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையும் கேட்கிறது. மேற்பார்வை என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே ஏறியிருப்பது கவனிக்கத்தக்கது. மற்ற துறைகளுக்கு அப்படி எதுவும் இல்லாததால், எல்லாம் ஆசிரியரின் மனச்சாட்சியிலும் வேலைப்பளுவிலும் நிற்கிறது. ஒருவர் பன்னிரண்டு மாணவர்களைப் பார்த்து, நான்கு பாடமும் நடத்தி, அங்கீகாரக் குழுவுக்குக் கோப்பும் தயாரிக்க வேண்டும் என்றால் ஐ.சி. பத்து நிமிடமாகச் சுருங்குவதில் வியப்பில்லை. கால அட்டவணையில் ஐ.சி.க்கு ஒரு பாடவேளை ஒதுக்கி, அதை ஆசிரியரின் கற்பித்தல் நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் துறைகளில் அறிக்கைகளின் தரம் வெளிப்படையாகவே வேறாக இருப்பதை நிறுவனத் தரப்பில் இருந்தபோது கவனித்தேன். செலவில்லாத சீர்திருத்தம் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான்.

மாணவர்கள் கைச்செலவு பற்றியும் யாரும் பேசுவதில்லை. அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தபின் மாணவியருக்குக் கொஞ்சம் மூச்சு விடமுடிகிறது. தாளவாடி, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் களம் கேட்பவர்கள் குறைவதற்கு ஆர்வமின்மையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. போய்வரும் செலவும் தங்குமிடமும் கணக்கில் வரும். இதனால் உதவி அதிகம் தேவைப்படும் ஊர்களுக்கு மாணவர் குறைவாகவும், மேலே சொன்ன வெங்காயக்காரம்மா தெருவுக்கு அதிகமாகவும் போகிறார்கள்.

களப்பணியின் படிநிலைகளில் எல்லோரும் கோட்டைவிடுவது கடைசிப் படி. பயனாளியோடான உறவை எப்படி முடித்துக்கொள்வது என்பது பாடநூலில் ஓர் அத்தியாயம். நடைமுறையில் அது ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் "நாளையிலிருந்து வர மாட்டேன் பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போய்விடுவது. வாரம் இரண்டு நாள் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவதற்குப் பழகிவிட்ட முதியவருக்கு அது என்ன என்று யோசிக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் நாங்கள் ஒரு சிறு வழக்கம் வைத்திருந்தோம். பிப்ரவரியிலேயே மாணவர் தான் போகப்போகும் தேதியைச் சொல்லிவிட வேண்டும். மார்ச்சில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு: என்ன பேசினோம், எந்த மனு எந்த அலுவலகத்தில் எந்த எண்ணில் நிற்கிறது, எதை வாக்களித்தோம், எதை நிறைவேற்றவில்லை. ஜூலையில் புதிதாக வருபவர் அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான் வீட்டுப் படி ஏற வேண்டும்.

வெங்காயக்காரம்மாவின் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் நிலுவையாக இருந்தது: விதவை உதவித்தொகை மனு, வருமானச் சான்று இணைக்கப்படாததால் திரும்பியது. அடுத்த ஜூலையில் போன பையன் சர்வே படிவம் எதுவும் எடுத்துப்போகவில்லை. "போன வருஷம் வந்த புள்ள எங்கீங்க?" என்று அவர் கேட்டாராம். "வேலைக்குப் போயிட்டாங்கம்மா, உங்க மனுவ என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க" என்று பதில் சொல்லி, இருவருமாக வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.